வெறுந்தலை நாகுதா

மூசா பாவாவிடம் வந்து சேர்ந்த சீடர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் ஒருவர்தான். பெயர் உதுமான். முப்பது வருடம் கப்பல் நடத்தியவர். கப்பல் தலைவரை அந்தக் கரையில் நாகுதா என்பார்கள். அதனால் ஊருக்கு அவர் உதுமான் நாகுதா.

பாவாவுக்கு நாற்பது வயது. நாகுதாவுக்கு அறுபது. பாவா அவரை அண்ணனைக் கூப்பிடுவதுபோல் ‘காக்கா’ என்று கூப்பிடுவார். நாகுதாவோ பாவாவின் முன்னால் உட்காரக்கூடத் தயங்குவார்.

குதிரைக் கப்பல்கள் வந்துபோன காலம் அது. அந்தப் பட்டினத்தில் தலையில் துணி இல்லாமல் எந்த ஆணும் தெருவில் இறங்க மாட்டான். குதிரை வணிகருக்கு ஒரு கட்டு, முத்துக் குளிப்பவருக்கு ஒரு கட்டு, ஓலை எழுதுகிறவருக்கு ஒரு கட்டு. தூரத்தில் வரும்போதே தலையைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம்.

உதுமான் நாகுதாவின் தலைப்பாகை பன்னிரண்டு முழம். முதலில் தலையோடு ஒட்டினாற்போல் ஒரு சிறு தொப்பி. அதன்மேல் மெல்லிய வெள்ளைத் துணியைச் சுற்றிச் சுற்றி ஏற்றி, கடைசி முனையை இடது காதுக்குப் பின்னால் தொங்கவிடுவார். அவர் கப்பலேறும் நாளில் அந்தத் தலைப்பாகையைப் பார்க்கவே சிறுபிள்ளைகள் கரைக்கு ஓடி வருவார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவருடைய கப்பல் தீவுகளுக்குத் தெற்கே பாறையில் மோதி உடைந்தது. போனவர்கள் பதினெட்டுப் பேர். திரும்பியவர்கள் ஐந்து பேர். அந்த ஐவரில் நாகுதாவும் ஒருவர். அன்றிலிருந்து அவர் தலையில் துணி கட்டுவதில்லை. வெறுந்தலையோடு தெருவில் நடந்தார். ஏதோ வேண்டுதல், நேர்ச்சை என்றார்கள் சிலர். துக்கம் என்றார்கள் சிலர். அவர் எதையும் சொல்லவில்லை. கப்பலை விட்டார். மூன்று வருடம் கழித்து வீட்டைத் தம்பி மகனிடம் ஒப்படைத்தார். ஊருக்கு வெளியே பாவா சீடர்களோடு இருந்த தொழுகைக்கூடமான தைக்காவுக்கு வந்து, தொழுகைக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார்.

ஒரு வருடம் சுமந்த பிறகு ஒரு நாள் காலையில் அவர் கேட்டார்.

“பாவா, எனக்குப் பின்னால வந்தவங்க நாலு பேருக்கு நீங்க தொப்பி வச்சீங்க. எனக்கு எப்போ?”

பாவா தம் சீடர்களுக்கு வைக்கும் தொப்பி எளிமையானது. வெள்ளைப் பருத்தி. சுற்றுக்கு ஒரு பட்டை, மேலே நாலு துண்டு சேர்த்த ஒரு வட்டம். அதைப் பாவா கையால் தலையில் வைத்துவிட்டால், அதுவரை வாழ்ந்த வாழ்க்கை ஒரு பக்கம், இனி வாழப்போவது ஒரு பக்கம்.

“உங்களுக்கு நான் தொப்பி தரப் போறதில்ல, காக்கா,” என்றார் பாவா. “நீங்களே தைச்சு எடுத்துட்டு வாங்க. நான் தலையில வைக்கிறேன்.”

“எனக்குத் தொப்பி தைக்கத் தெரியாதே.”

“எனக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க தெற்குத் தெருவில இருக்காங்க. பாத்துமுத்துன்னு பேரு.”

நாகுதாவின் கையிலிருந்த குடம் கொஞ்சம் சரிந்தது. தண்ணீர் கால்மேல் கொட்டியது.

பாத்துமுத்து அசனுடைய மனைவி. அசன் நாகுதாவின் கப்பலில் சுக்கான் பிடித்தவன். திரும்பி வராத பதின்மூன்று பேரில் ஒருவன்.

“வேற யாரும் இல்லையா, பாவா?”

“நிறையப் பேர் இருக்காங்க. ஆனா அந்தம்மா தைச்ச தொப்பிதான் எத்தனை தடவை துவைச்சாலும் உரு மாறாம நிக்குது.”

நாகுதா குடத்தை நிமிர்த்தினார்.

*

தெற்குத் தெருவில் பாத்துமுத்துவின் வீட்டு முற்றத்தில் ஒரு பூவரச மரம் நின்றது. அதன் நிழலில் நாலைந்து பெண்கள் பாய் விரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நாலு வருஷம் ஆச்சு, வழி தெரிய,” என்றாள்.

அதில் கோபம் இல்லை. நாகுதா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பாவா அனுப்பினார். தொப்பி தைக்கக் கத்துக்கணும்.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாத்துமுத்து சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு பழைய துணியும் ஊசியும் கொண்டுவந்து பாயின் ஓரத்தில் வைத்தாள்.

“உட்காருங்க, நாகுதா. முதல்ல நேர்கோடு.”

அவர் தைத்தார். கயிறு பிடித்துக் காய்த்த விரல்கள். ஊசி இருப்பதே விரலுக்குத் தெரியவில்லை. கால் நாழிகைக்குள் மூன்று முறை குத்திக்கொண்டார். வெள்ளைத் துணியில் சிவப்புப் புள்ளி விழுந்தது. தண்ணீர் தேடி எழுந்தார்.

“எங்க போறீங்க?”

“கறையைக் கழுவ.”

“அவங்கவங்க ரத்தக் கறைக்கு அவங்கவங்க எச்சில்தான். தொட்டு வச்சுத் துடைங்க, போயிடும்.”

துடைத்தார். போய்விட்டது. அறுபது வயதில் அவருக்கு அது புதிய செய்தி.

தைத்ததை நீட்டினார். பாத்துமுத்து கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.

“ஒரு தையலுக்கும் இன்னொரு தையலுக்கும் நடுவுல ஒரு எறும்பு படுத்துத் தூங்கலாம்.”

“கப்பல் பாய் இப்படித்தான் தைப்போம். காத்துக்குத் தாங்கும்.”

“இது பாய் இல்ல. தலை. பிரிங்க.”

பிரித்தார். மறுபடி தைத்தார். மறுபடி பிரித்தார். முதல் மாதம் முழுவதும் அவர் தைத்ததைவிடப் பிரித்ததுதான் அதிகம். பெண்கள் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். அவர் வந்தால் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.

இரண்டாவது மாதம் பாத்துமுத்துவே வெள்ளைத் துணியை வெட்டிக் கொடுத்தாள். ஒரே அளவில் இரண்டு பட்டை. ஒன்றன்மேல் ஒன்று வைத்து, விரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு வரிசை என்று நெருக்க நெருக்கமாகத் தைக்க வேண்டும். பிறகு இரண்டு வரிசைக்கு நடுவே, துணிக்கும் துணிக்கும் இடையில், முறுக்கிய பஞ்சுத் திரியை ஊசியின் பின்பக்கத்தால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். திரி ஏற ஏறத் துவண்ட துணி எழுந்து நிற்கும். கடைசியில் கஞ்சித் தண்ணீரில் முக்கி, கவிழ்த்த மண்பானையின்மேல் மாட்டிக் காயவைத்தால் அதுதான் தொப்பி. உள்ளே பனைநாரும் இல்லை, பிரம்பும் இல்லை. வெறும் பஞ்சு.

“இது எப்படிங்க நிக்குது?” என்று ஒரு நாள் கேட்டார்.

“ஒவ்வொரு வரிசையும் பக்கத்து வரிசையைப் பிடிச்சுக்குது,” என்றாள். “ஒண்ணு விட்டா மத்ததும் தொங்கிடும்.”

நாகுதா அன்று பொழுது சாயும்வரை தைத்துக்கொண்டே இருந்தார்.

முற்றத்துச் சுவரோரம் பத்துப் பன்னிரண்டு பானைகள் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தொப்பி. காய்ந்ததை எடுப்பார்கள், ஈரமானதை மாட்டுவார்கள். ஓரத்துப் பானையில் இருந்ததை மட்டும் யாரும் எடுப்பதில்லை. வெயிலில் அது பழுத்த நிறமாகிவிட்டது. மழை வந்தால் பாத்துமுத்து அந்தப் பானையை மட்டும் அப்படியே தூக்கி உள்ளே வைப்பாள்.

மூன்றாவது மாதத்தில், மற்றப் பெண்கள் சாப்பிடப் போயிருந்த ஒரு நேரத்தில், நாகுதா கேட்டார்.

“அது யாருக்குத் தைச்சது?”

பாத்துமுத்துவின் கை நிற்கவில்லை. ஊசி போய்க்கொண்டே இருந்தது.

“அவருக்குத்தான்.”

நாகுதா குனிந்துகொண்டார்.

“அந்தப் பயணம் வேண்டாம்னு நான் அழுதேன், நாகுதா. காத்து மாறப் போகுதுன்னு ஊரெல்லாம் பேசிச்சு. நாகுதாவுக்கு வாக்குக் கொடுத்துட்டேன், போய்த்தான் ஆகணும்னார். அன்னிக்கு விடிகாலையில நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செஞ்சேன். அந்தத் தொப்பியைத்தான் எடுத்து அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டேன். வெறுந்தலையோட யாராவது கப்பல் ஏறுவாங்களா? தேடுவார், நேரமாகும், கப்பல் போயிடும்னு நினைச்சேன்.”

“தேடினாரா?”

“தேடினார். கொடியில பார்த்தார். பெட்டியில பார்த்தார். நான் அடுப்படியில நின்னுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. கொஞ்ச நேரம் வாசல்ல நின்னார். ஒரு வார்த்தை சொல்லல. அப்படியே போயிட்டார்.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“கோபத்தோட போனார். தலையில துணி இல்லாம, பார்க்கிறவங்க சிரிக்க, அபசகுனமாப் போனார். அப்படி அனுப்பினது நான்தான். அதுக்கப்புறம் இந்த ஊர்ல யார் கப்பல் ஏறினாலும் ஒரு தொப்பி தைச்சுக் கொடுத்துடறேன். வேற என்ன செய்ய?”

நாகுதா எழுந்தார். கையில் இருந்த வேலையைப் பாயில் வைத்தார். வைத்தது கூட அவருக்குத் தெரியவில்லை.

“நேரமாச்சு, நான் வர்றேன்,” என்றார்.

வெயில் உச்சியில் நின்றது.

*

பாவா அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். நாகுதா எதிரில் வந்து நின்றார். காலையில் இருந்து சாப்பிடவில்லை.

“பாவா, ஒரு கேள்வி. ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட ஒரு சேதி சொல்லி, வீட்டுல சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டான். அந்தச் சேதியைச் சொன்னா, அதோட சேர்த்து இவன் செஞ்ச ஒண்ணையும் சொல்ல வேண்டி வரும். அதனால இவன் சொல்லாம இருந்துட்டான். ரொம்ப நாள் ஆயிடுச்சு. இனிமே சொல்றது நல்லதா, சொல்லாம விடறது நல்லதா?”

பாவா ஒரு சட்டியில் கஞ்சியை ஊற்றினார்.

“மேற்கு வீட்டுல கயிறு திரிக்கிறவர் காய்ச்சலா கிடக்கிறார். இதைக் கொடுத்துட்டு வந்துடுங்க, காக்கா. அப்புறம் பேசலாம்.”

நாகுதா சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“கொடுத்துட்டீங்களா?”

“கொடுத்துட்டேன், பாவா.”

“வழியில உங்களுக்குப் பசிக்கலையா?”

“பசிச்சுது.”

“ஒரு வாய் குடிச்சிருக்கலாமே.”

“அது எப்படி, பாவா? அது அவருக்குக் கொடுத்து அனுப்பினது. நான் தூக்கிட்டுப் போனவன்தானே…”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

பாவா அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார்.

“ஆறிப்போறதுக்கு முன்னால கொண்டுபோய்ச் சேர்த்துட்டீங்க. நல்லது,” என்றார். பிறகு இன்னொரு சட்டியை எடுத்தார். “இது உங்களுக்கு. உட்கார்ந்து குடிங்க.”

*

மறுநாள் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு நாகுதா தெற்குத் தெருவுக்குப் போனார். பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை மரத்தடியில் நின்றார். பாத்துமுத்து தொப்பிகளைப் பானையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

“வேலையைப் பாதியில போட்டுட்டுப் போயிட்டீங்க நேத்து,” என்றாள்.

“உட்காருங்க, தங்கச்சி. ஒண்ணு சொல்லணும்.”

அவர் அதுவரை அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. அவள் கையில் இருந்த தொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அசன் அலையில அடிச்சுப் போனான்னு உங்களுக்குச் சொன்னாங்க.”

“ஆமா.”

“அலை அடிச்சது கடைசியில. அதுக்கு முன்னால அரைப் பகல் நானும் அவனும் ஒண்ணா இருந்தோம்.”

அவள் அசையவில்லை.

“கப்பல் உடைஞ்சப்போ பாய்மரத்துல ஒரு துண்டு எனக்குக் கிடைச்சுது. அசன் பத்து முழம் தள்ளி ஒரு பலகையைப் பிடிச்சுக்கிட்டிருந்தான். கால்ல அடி. நீந்த முடியல. நான் தலைப்பாகையை அவிழ்த்து வீசினேன். முனையை அக்குளுக்கு அடியில கட்டிக்கிட்டான். மறுமுனையை நான் மணிக்கட்டுல முடிச்சுப் போட்டுக்கிட்டேன். அப்படியே மிதந்தோம். உச்சி வெயில்லருந்து வெயில் சாயற வரைக்கும்.”

“வலிச்சுதா அவருக்கு?”

“முதல்ல வலிச்சுது. அப்புறம் மரத்துப்போச்சுன்னான். பேசிக்கிட்டே இருந்தான். தூங்கிடக் கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசினோம்.”

“என்ன பேசினார்?”

நாகுதா மூச்சை இழுத்துவிட்டார்.

“நான் கேட்டேன், ‘ஏண்டா, தொப்பிகூட இல்லாமக் கப்பல் ஏறினே?’ன்னு. அவன் சிரிச்சான். தங்கச்சி, அந்தத் தண்ணியில கிடந்துக்கிட்டு சிரிச்சான். ‘அவ அரிசிப் பானையில ஒளிச்சு வச்சிருந்தா, நாகுதா. கையை விட்டுப் பார்த்தேன், தட்டுப்பட்டுது. எடுத்து மாட்டிக்கிட்டு வந்திருந்தா அவ தோத்துப் போயிருப்பா. அந்த முகத்தைப் பார்த்துட்டு என்னால கிளம்ப முடியாது. அதனால அப்படியே மூடி வச்சுட்டு வந்துட்டேன்’ன்னான். ‘ஊருக்குப் போனதும் அவகிட்ட சொல்லிச் சிரிக்கணும். நான் சொல்லலேன்னா நீங்க சொல்லிடுங்க’ன்னான்.”

பூவரச இலை ஒன்று பாயில் விழுந்தது. தெருவில் யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

“கையை விட்டுப் பார்த்தாரா?” என்றாள் பாத்துமுத்து.

“ஆமா.”

“பானைக்குள்ளயா?”

“அப்படித்தான் சொன்னான்.”

அவள் சிரித்தாள். முதலில் மூச்சுத்தான் வந்தது. பிறகு சத்தமாகவே சிரித்தாள். “அதான், அன்னிக்கு மூடி கோணலா இருந்துச்சு! பூனைன்னு நினைச்சேன். நாலு நாள் அந்தப் பூனையைத் திட்டினேன்.” சிரித்துக்கொண்டே இருந்தவள் மடியில் இருந்த தொப்பிகளை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

நாகுதா காத்திருந்தார். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எழவில்லை.

“இன்னும் முடியல, தங்கச்சி. வெயில் சாயறப்போ என் மணிக்கட்டு வீங்கிடுச்சு. துணி ஈரத்துல இறுகிப்போச்சு. கை செத்துடும் போல இருந்துச்சு. நான் முடிச்சை அவிழ்த்தேன். கையால பிடிச்சுக்கலாம்னு நினைச்சேன். அவிழ்த்த கொஞ்ச நேரத்துல அந்த அலை வந்துச்சு. துணி போயிடுச்சு.”

அவள் முகத்தை எடுக்கவில்லை.

“கையால பிடிச்சுக்கலாம்னு உண்மையிலேயே நினைச்சேனா, இல்ல, இந்த நாலு வருஷத்துல அப்படி எனக்கு நானே சொல்லிக்கிட்டேனா, எனக்கே தெரியல. நல்லா யோசிச்சுப் பார்த்துட்டேன். தெரியல. ஆனா முடிச்சை அவிழ்த்தது நான்.”

பிறகு பாத்துமுத்து தலையை நிமிர்த்தினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

“அந்தக் கடல்ல நான் இருந்ததில்ல,” என்றாள். “முடிச்சைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஆனா, நாகுதா, இந்தத் தெரு நீங்க இருந்த வீட்டிலருந்து எவ்வளவு தூரம்?”

“நூத்தைம்பது அடி இருக்கும்.”

“அந்த ஒரு வார்த்தையை நூத்தைம்பது அடி தூக்கிட்டு வர நாலு வருஷமா?”

நாகுதா தம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஒவ்வொரு நாளும் நான் அவர் கோபத்தோட போனார்னே படுத்தேன். எழுந்தேன். அரிசிப் பானையைத் திறக்கும்போதெல்லாம்…” முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “போங்க, நாகுதா. இன்னிக்குப் போயிடுங்க.”

அவர் போனார்.

*

அதன்பிறகு எட்டு நாள் அவர் தெற்குத் தெருவுக்குப் போகவில்லை. குடத்தைத் தூக்கினார், தண்ணீர் கொண்டுவந்தார், ஊற்றினார், மறுபடி போனார். தைக்காவின் தொட்டி நிறைந்து வழிந்தபோதும் கொண்டுவந்துகொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் பாவாவிடம் சொன்னார்.

“எனக்குத் தொப்பி வேண்டாம், பாவா. கேட்டதே தப்பு.”

பாவா காலிக் குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் மறுபடி வந்தார்.

“பாவா, அந்தத் தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேட்கப் போகட்டுமா?”

“எதுக்கு, காக்கா?”

“மனசு தாங்கல.”

“யாரோட மனசு?”

நாகுதா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார்.

அன்று மாலை பாவாவே கிணற்றடிக்கு வந்தார். பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து இறைத்தார்கள்.

“உங்களுக்குத் தெரியுமா, பாவா? என்னை அவங்ககிட்ட அனுப்பும்போதே?” என்றார் நாகுதா.

“என்ன தெரியும்?”

“நான் மறைச்சது.”

“ஒண்ணும் தெரியாது. அந்தத் தெரு வழியா நீங்க போறதே இல்லைன்னு மட்டும் தெரியும். கடைத்தெருவுக்குப் போகணும்னாக்கூட ஊரைச் சுத்திக்கிட்டுப் போவீங்க. வயசான காலத்துல எதுக்கு இவ்வளவு நடைன்னு நினைச்சேன்.”

நாகுதா அழுதார். பாவா கயிற்றை விடாமல் இறைத்துக்கொண்டே இருந்தார். அவர் அழுது முடிக்கும்வரை அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் தைக்காவின் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பாத்துமுத்துவின் முற்றத்தில் தைக்கிறவர்களில் ஒருத்தி. முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள்.

நாகுதா வாசலுக்கு ஓடினார்.

“எப்படி இருக்காங்க?”

“ஏழு நாளா யாரோடயும் பேசல. ஊசியைத் தொடல. நேத்துதான் நல்லாச் சாப்பிட்டாங்க. நேத்து சாயந்திரம் எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவச்சு, அவங்க வீட்டுக்காரர் பானைக்குள்ள கைவிட்ட கதையைச் சொன்னாங்க. அவர் மாதிரியே செஞ்சு காட்டினாங்க. சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்கு வயிறு வலிச்சுப்போச்சு.”

“என்னைப் பத்தி ஏதாவது…”

“உங்களை வரச் சொன்னாங்க. அடுத்த பௌர்ணமிக்குக் கப்பல் ஒண்ணு போகுதாம். போறவங்க எல்லாருக்கும் சேர்த்து நாப்பது தொப்பி வேணுமாம். கை பத்தாது, நாகுதாவை வரச் சொல்லுன்னாங்க.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லல. உங்க ஊசியைத் துடைச்சு எண்ணெய் தடவி வச்சிருக்காங்க.”

அவள் போய்விட்டாள். நாகுதா திரும்பினார். பாவா முற்றத்தில் புறாக்களுக்குத் தானியம் போட்டுக்கொண்டிருந்தார். நாகுதா அவர் முன்னால் வந்து நின்றார்.

“பாவா, கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“இதுக்கு என்ன அர்த்தம், பாவா? அவங்க என்னை மன்னிச்சுட்டாங்களா? இல்ல, இன்னும் மனசுல வச்சிருக்காங்களா? எப்படி எடுத்துக்கிறது நான்?”

பாவா கையில் மிச்சமிருந்த தானியத்தைத் தரையில் உதறினார்.

“நாப்பது தொப்பி தைக்கணும்னு அர்த்தம், காக்கா,” என்றார்.